தபாலில் வந்த பிழைகள்

பிப்ரவரி 3

என் சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ முதலில் அதைத்தான் தேடுவாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். போன மாதம் நீ எழுதியது இரண்டே பக்கம், அதில் ஒரு பக்கம் உங்கள் ஊர் மழை. கோபமில்லை, சொல்லி வைக்கிறேன்.

இங்கே என்னைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். எட்டுக் கம்ப்யூட்டர், அதில் ஐந்துக்குத்தான் உயிர் இருக்கிறது. டைப்பிங் டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். டைப் அடிக்க மட்டும்தான் சொல்லித்தர அனுமதி. புதிதாக எதையும் அதில் ஏற்றக் கூடாது, இன்டர்நெட் என்ற பேச்சே கூடாது. சிறைச்சாலை என்றால் கம்ப்யூட்டருக்கும் சிறைதான்.

ஆனால் வகுப்பு அலமாரியில் ஒரு புத்தகம் கிடைத்தது. தலையணை கனம். யாரோ தானமாகக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் ஓட்டுகிற மாதிரியான அப்ளிகேஷனை ஜாவா என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் எப்படி எழுதுவது, எழுதியதை சர்வரில் ஏற்றி நாலு பேர் உபயோகிக்கும்படி எப்படி ஓடவிடுவது என்று ஆரம்பத்திலிருந்து சொல்கிறது. பின் அட்டையில் சிடி வைக்கிற உறை இருக்கிறது, சிடி இல்லை. ஒரே ஒரு மாதிரி அப்ளிகேஷனை வைத்துக்கொண்டு புத்தகம் முழுக்கக் கட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரு பல் டாக்டர் கிளினிக். யார் நோயாளி, எந்த டாக்டர், எத்தனை மணிக்கு வரவேண்டும், அவ்வளவுதான். டாக்டர் பகுதியைப் புத்தகமே முழுசாக எழுதிக் காட்டுகிறது. நோயாளி பகுதியை "நீங்களே எழுதிப் பாருங்கள்" என்று நம் தலையில் கட்டிவிடுகிறது.

எழுதிப் பார்க்கிறேன், நோட்டில். அதை ஓட்டிப் பார்க்கத்தான் எனக்கு மெஷின் இல்லை. நீ நாள் முழுக்க அடுத்தவன் சாஃப்ட்வேர் ஏன் ஓடவில்லை என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பவன். அக்காவுடையதும் ஒன்று கூடினால் குறைந்தா போய்விடும்? நான் எழுதியதை இதோடு அனுப்புகிறேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல் டைப் செய்து, ஓட்டிப் பார்த்து, என்ன வந்ததோ அதை அப்படியே எழுது.

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் எனக்கு இனி ஆயுசுக்கும் கிடையாது. வெளியே வரும்போது நாற்பத்து நான்கு வயது. கையில் ஏதாவது ஒரு தொழில் வேண்டாமா?

என் பெண் பாப்பாவுக்கு எழுதி வைத்த நான்கு கடிதங்கள் உள்ளே இருக்கின்றன. நேராக வீட்டுக்கு அனுப்பினால் உன் அத்தான் எங்கே வைக்கிறாரோ, பதிலே இல்லை. நீங்கள் ஒரே ஊர்தானே, நீ கையில் கொடு.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆறு பக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டைப் செய்தேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஆபீசில் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடா இது, கையால புரோகிராம் எழுதற மகராசி?" என்றான். எங்க அக்கா என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை, மன்னித்துவிடு.

வந்தது மூன்று பிழை. இருபத்திரண்டாம் வரியில் கடைசியில் அரைப்புள்ளி இல்லை. நாற்பதாம் வரியில் அடைப்பைத் திறந்தாய், மூடவில்லை. ஐம்பத்து மூன்றில் நோயாளியின் பெயரை ஒரு இடத்தில் பெரிய எழுத்தில் ஆரம்பித்து இன்னொரு இடத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். ஜாவாவுக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆள்.

இங்கே இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நொடி. உனக்குச் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் தபால். ஒரு அரைப்புள்ளிக்கு இத்தனை நாளா என்று நினைத்தால் சிரிப்பாகவும் வருகிறது, வேறு மாதிரியாகவும் வருகிறது.

பாப்பா நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். வளர்ந்துவிட்டாள், என் தோள் வரை இருக்கிறாள். பரீட்சை நேரம் என்பதால் பதில் எழுத முடியவில்லையாம், கோபிக்கக் கூடாதாம்.

உன் சின்னு

மார்ச் 8

அன்பு சின்னுவுக்கு,

இரண்டாவதாகவா! எனக்கு ஓடவே வராது, உன் அத்தான் பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டார். யாரைக் கொண்டு பிறந்தாளோ. எந்தக் காலில் ஷூ கடிக்கிறது என்று கேள். இடது கால் அவளுக்குக் கொஞ்சம் பெரிது, கடைக்காரர்கள் நம்பமாட்டார்கள், நீ சொல்லி வாங்கிக் கொடு.

மூன்று பிழைக்காகவும் அழுதேன் என்றால் சிரிப்பாய். நிஜமாகவே அழுதேன். பக்கத்துக் கட்டில் டெய்லரம்மா பயந்துவிட்டாள். "வீட்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றாள். இல்லை, ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சு என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் அது துக்கத்து அழுகை இல்லை. நான் செய்த தப்பை ஒருவர் வரி எண் போட்டுச் சொன்னார், நான் திருத்திவிடலாம். என் வாழ்க்கையில் சமீபத்தில் அப்படி ஒன்று நடக்கவில்லை.

திருத்தி, மேலும் இரண்டு அத்தியாயத்துக்கு உண்டானதையும் எழுதி அனுப்புகிறேன். இதில் நோயாளியை டேட்டாபேஸில் சேமித்து வைத்து, கேட்கும்போது திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும். இந்தக் கடிதம் உனக்குத் தாமதமாக வரும். காரணம் என் புரோகிராம்தான். கடிதங்களைப் படித்துப் பார்க்கும் அதிகாரி, முன்பே கொடுத்த புரோகிராம் தாள்களைச் சங்கேத பாஷை என்று நினைத்து ஆபீசில் பிடித்து வைத்துவிட்டார். சூப்பிரண்டு அம்மா கூப்பிட்டு அனுப்பினார். தாள் முழுக்கச் சிவப்பு வட்டம்.

"இந்த பிரைவேட்னு போட்டது எதை மறைக்க?"

"வயசை மேடம். நோயாளியோட வயசை வெளியாள் நேரா மாத்தக் கூடாது இல்லையா."

"சரி, இது என்ன? எக்ஸிக்யூட்! யாரை?"

அரை மணி நேரம் பல் டாக்டர் கிளினிக்கை விளக்கினேன். கடைசியில் அவர், "எனக்கும் கடவாய்ப் பல்லு ஒண்ணு படுத்துது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு விட்டார்.

ஒரு விஷயம். எனக்கு மாதம் ஒரு முறை ஏழு நிமிஷம் போன். பதிந்து வைத்த ஒரே நம்பர் உன் அத்தானுடையது. மூன்று மாதமாக "உபயோகத்தில் இல்லை" என்றே வருகிறது. நம்பர் மாற்றினாரா? மாற்றியிருந்தால் புது நம்பரை எழுது. இங்கே திருத்தல் மனு வருஷத்துக்கு ஒரு தடவைதான், நவம்பரில். அதுவரை நான் உபயோகத்தில் இல்லாத நம்பரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். கூப்பிடுகிறேன். முறை போய்விடக் கூடாதே.

உன் அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஓடியது!

ஒரே ஒரு தடவை, முதல் தடவையிலேயே. சர்வரில் ஏற்றினேன், ஏறியது. பக்கத்தைத் திறந்தேன், திறந்தது. முதல் நோயாளியாக உன் டெய்லரம்மா பெயரைப் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. சேமித்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். பெயரும் நேரமும் கல் மாதிரி அங்கேயே இருந்தன. எங்கள் ஆபீசில் படித்துவிட்டு வந்தவர்களுக்கே இது இப்படி அமைவதில்லை.

அத்தான் நம்பர் மாற்றிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுச் சொல்கிறேன். பாப்பாவுக்கு ஷூ வாங்கினோம். நீ சொன்னது சரி, இடது கால்தான்.

அடுத்த அத்தியாயங்களை அவசரமில்லாமல் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சின்னு

ஏப்ரல் 14

அன்பு சின்னுவுக்கு,

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. மொத்த பிளாக்கும் படித்தது. டெய்லரம்மா அதை வாங்கி, எழுத்துக்கூட்டி, தன் பெயர் வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். "செவ்வாக்கிழமை பத்து மணிக்கு நான் எங்கயோ போகணும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு இடத்துக்கு ஒரு நேரத்துக்கு வா என்று அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

அப்புறம் பிடித்துக்கொண்டது பார். ஒவ்வொருத்தியாக வந்து என் பேரையும் போடு, என் பேரையும் போடு என்று. பல் வலி இல்லாதவளுக்கும் பல் வலி வந்துவிட்டது. ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்கிறாள், கிளினிக் லீவு என்று சொன்னால் சண்டைக்கு வருகிறாள். இருபத்து மூன்று பெயர் இதோடு இருக்கிறது. வயது, நாள், நேரம், எந்தப் பல் என்பது வரைக்கும். சூப்பிரண்டு அம்மா பெயர் கடைசியில். அவர் கேட்கவில்லை, ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போகவும் இல்லை.

எனக்கு ஏன் இது இவ்வளவு பிடித்திருக்கிறது என்று யோசித்தேன். இதில் எத்தனை தடவை வேண்டுமானாலும் காலியாக ஓட்டிப் பார்க்கலாம். ஆள் ஏறுவதற்கு முன்னால். விழுந்தால் யாரும் சாகமாட்டார்கள், ஒரு பக்கம் பிழை வரும், அவ்வளவுதான். வெளியே வந்தால் நான் எழுதுகிற வேலைக்குக்கூடப் போகவேண்டாம். மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறதாமே? அது கிடைத்தால் போதும். ஒவ்வொன்றையும் நானே பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதுவேன்.

பாப்பாவுக்கு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். இது ஐந்தாவது. அவள் எழுத வேண்டாம். அவள் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருந்தால் போதும், பள்ளிக்கூட நோட்டுக் கிழிசலாக இருந்தாலும் சரி.

புது நம்பர் எழுத மறந்துவிட்டாய்.

உன் அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்து மூன்று பேரையும் ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டவருக்குச் சனிக்கிழமை மாலை கொடுத்திருக்கிறேன், சமாதானம் சொல்லிவிடு. சூப்பிரண்டு அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை முதல் நேரம்.

பாப்பா பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள். லீவுக்குத் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்ததும் எழுதுவாள். எனக்கு ஆபீசில் வேலை தலைக்கு மேல். சின்னக் கடிதம் என்று திட்டாதே.

உன் சின்னு

மே 22

சின்னுவுக்கு,

ஒன்பதாம் அத்தியாயம், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

டேட்டாபேஸில் சேமிக்கிற எந்தக் கிளாஸாக, அதாவது ஆளை வார்க்கிற அச்சாக, இருந்தாலும், அதில் எதையும் கேட்காமல் ஒரு ஆளை உருவாக்கித் தருகிற வழி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று அங்கே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. ஏனென்றால், சேமித்த நோயாளியைத் திரும்ப எடுக்கும்போது சர்வர் முதலில் பெயர் வயது எதுவும் இல்லாத வெறும் நோயாளி ஒருவரை உருவாக்கிக்கொள்கிறது. அப்புறம்தான் விவரங்களை நிரப்புகிறது. அந்த வெறும் ஆளை உருவாக்க வழி இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

என் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச் மாதம் உனக்கு அனுப்பியதன் நகல். என் நோயாளி கிளாஸில் வழி ஒன்றுதான் இருக்கிறது. அது பெயரையும் வயதையும் பல்லையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். வெறும் ஆளுக்கு அதில் இடமில்லை. மூன்று தடவை பார்த்தேன். டைப்பிங் டீச்சரிடம் காட்டி, இதில் நான் காணாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்கு ஜாவா தெரியாது. ஆனால் "நீங்க சொல்றது சரின்னா, இது ஓடியிருக்காதே" என்றார்.

ஓடியிருக்காது சின்னு. டெய்லரம்மாவின் பெயரைத் திரும்ப எடுத்துக் காட்டியிருக்கவே முடியாது.

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாய். ஆனால் நான் என் வாயால் உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அன்றைக்குப் பதினோரு கட்டடம் பார்க்க வேண்டும். பத்தைப் பார்த்துவிட்டேன். பதினோராவதில் மேலே மெஷின் ரூம் வரை ஏழு மாடி ஏறவேண்டும், எனக்குக் கால் வலி. மெக்கானிக் கீழே நின்றுகொண்டு, "நான் பாத்துட்டேன் மேடம், நல்லா ஓடுது" என்றான். நல்லவன், பத்து வருஷப் பழக்கம். என் சிரமத்தைக் குறைக்கத்தான் சொன்னான். நான் "பரிசோதித்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து அந்த லிஃப்டில் வீடு மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் நாற்காலியோடு ஏறினார். பிரேக் தேய்ந்து போயிருந்தது.

நல்லா ஓடுது என்று யார் சொன்னாலும் நான் இனி கேட்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன். நீ எழுதியதும் நம்பினேன். இருபத்து மூன்று பேரையும் நம்ப வைத்தேன்.

இதை ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. தெரியும். எனக்கு வேறு ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கப் பயமாக இருக்கிறது, மூன்று நாளாக இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.

ஓட்டப் பந்தயம் நடந்ததா? ஷூ வாங்கினீர்களா? அவள் உன் தோள் வரை வளர்ந்திருக்கிறாளா?

நீ கடைசியாக பாப்பாவை எப்போது பார்த்தாய்?

அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

டிசம்பர் பதினான்காம் தேதி.

அதற்கு அப்புறம் பார்க்கவில்லை. அன்றைக்கு அத்தான் என்னை வரச் சொன்னார். வீடு முழுக்க அட்டைப் பெட்டி. வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் நான்கு நாளில் கிளம்புகிறோம் என்றார். எந்த நாடு என்று கேட்டேன். "போய் செட்டில் ஆனதும் நானே சொல்றேன். உங்க அக்காகிட்ட சமயம் பாத்து நீ சொல்லிடு" என்றார். கத்தினேன் அக்கா. கத்தி என்ன? அவர் பெட்டியை ஒட்டிக்கொண்டே இருந்தார். பாவம், அவரும் இளைத்துப் போயிருந்தார். அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, உண்மை என்பதால் எழுதுகிறேன்.

பாப்பா வாசல் வரை என்னோடு வந்தாள். அவள் சொன்னதையும் சொல்கிறேன். நீ கேட்டிருக்கிறாய், மறைத்தால் மறுபடியும் அதேதான். "மாமா, புது ஸ்கூல்ல அம்மா பத்தி யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும். லெட்டர் எதுவும் அனுப்பாதீங்க" என்றாள். அழவில்லை. உன்னை மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் நான் என்ன வாதாட முடியும்? சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரியில் அத்தான் நம்பர் செத்துவிட்டது. அவருடைய பழைய ஆபீசில் கேட்டேன், முகவரி தரமாட்டோம் என்றார்கள். உன் ஐந்து கடிதங்களும் என் பீரோவில் இருக்கின்றன. பிரிக்கவில்லை. ஓட்டப் பந்தயம் நானாகச் சொன்னது. ஷூவும். உன் கடிதம் வந்தால் அதில் பாப்பாவைப் பற்றி என்ன கேட்டிருப்பாயோ என்று கவரைப் பிரிக்காமல் இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருப்பேன். பதிலுக்கு உட்கார்ந்தால் "தெரியாது" என்று எழுத வராது. ஏதாவது நல்லதாக ஒன்று எழுதிவிட்டால் அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் சாப்பாடு இறங்கும். அவள் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறாள், இரண்டாவதாக வருகிறாள் என்று நானே நம்பிவிடுவேன்.

கிளினிக்கைப் பற்றி. நீ திருத்தி அனுப்பியதை டைப் செய்தேன். பதினோரு பிழை வந்தது. ஒன்றைத் திருத்தினால் அதன் பின்னால் இன்னொன்று. தாளில் எடுத்து மடித்து கவரில் போட்டேன். ஒட்டவும் செய்தேன். மூன்று பிழைக்கே அழுதேன் என்று எழுதியிருந்தாயே, அது ஞாபகம் வந்தது. நீ சந்தோஷத்தில் அழுதேன் என்றாய், ஆனால் என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. கவரைக் கிழித்துவிட்டேன். நானே புதிதாக ஒன்றை எழுதி ஓடவிட்டேன். டெய்லரம்மா பெயர் உண்மையாகவே ஏறியது. இருபத்து மூன்று பேரும் ஏறினார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் அது உன்னுடையது இல்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் எழுது.

சின்னு

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஜெயில் ஆபீசுக்குப் போன் செய்தேன், உடல்நிலை சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

உன் நோட்டுப் பக்கங்களை மறுபடி முதலிலிருந்து டைப் செய்தேன். எழுத்துக்கு எழுத்து. உன் அடித்தல் திருத்தல் எங்கே குழப்பமாக இருந்ததோ அங்கே பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினோரு பிழையையும், வரி எண்ணோடு, மெஷின் சொன்ன வார்த்தைகளிலேயே இதோடு அனுப்புகிறேன். நான் எதையும் பூசி மெழுகவில்லை.

பாப்பாவைப் பற்றி: பள்ளிக்கூடத்தில் கேட்டேன். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போயிருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கு என்று அதில் இல்லை. ஒரு வக்கீலிடம் கேட்டேன். "எந்த நாடுன்னு தெரிஞ்சாதானே தம்பி மனுவே போட முடியும்" என்றார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சின்னு

ஆகஸ்ட் 18

சின்னுவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. முதலாவதைப் படித்த அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. டெய்லரம்மா எனக்காக என் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். பேனா எடுத்தால் பாப்பா பெயரைத் தவிர வேறு எதுவும் வரவில்லை, அதை எழுதி எங்கே அனுப்புவது?

உன்மேல் கோபம் இருந்தது. இருக்கிறது. ஆனால் கோபப்பட்டுக்கொண்டு நான் போவதற்கு வேறு இடமில்லை. எனக்கு எழுதுகிறவன் நீ ஒருவன்தான்.

பிளாக்கில் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயர் எல்லாம் ஏறியிருக்கிறது, ஆனால் நான் எழுதியதில் இல்லை, என் தம்பி எழுதியதில், நான் எழுதியது ஓடவே இல்லை என்று. டெய்லரம்மா, "அதுக்கென்ன, எனக்கு அந்தப் பல்லு தானாவே விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டாள். மற்றவர்களில் நான்கு பேர் என்னோடு பேசுவதில்லை. அந்தச் சனிக்கிழமைக்காரி பட்டியலில் இருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிடு.

நீ அனுப்பிய பதினோரு பிழையில் எட்டைத் திருத்தினேன். வெறும் ஆளுக்கு வழியும் வைத்துவிட்டேன். ஒன்பதாவதும் பத்தாவதும் கடைசியும் எனக்குப் புரியவில்லை. சர்வரில் ஏற்றும்போது ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்று சொல்கிறது, எது, எங்கே வைக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருக்கலாம். எனக்குத் தெரியாது. போன மாதம் வகுப்பை மூடிவிட்டார்கள். டைப்பிங் டீச்சர் வருவதில்லை. அறையில் இப்போது மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். புத்தகம் எங்கே போனது என்று கேட்டேன், லிஸ்டில் இல்லை என்றார்கள். பதினோராம் அத்தியாயம் வரை நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அது இருக்கிறது. உனக்குத் தெரிந்ததை வைத்து நீ முடித்து அனுப்பாதே. அது நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும்.

பாப்பா விஷயம். அவளைத் தேடாதே என்று சொல்ல மனசு வரவில்லை. தேடு என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. அவள் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் நிலையில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த ஐந்து கடிதத்தையும் வைத்துக்கொள், பிரிக்காதே, கிழிக்காதே.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மாதம் ஒரு கார்டு போடு. அவளைப் பற்றி ஏதாவது தெரிந்தால், நல்லதோ கெட்டதோ, தெரிந்ததை எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. வேறு ஒன்றும் வேண்டாம், மழை வேண்டாம், ஆறுதல் வேண்டாம். தெரியாது என்று உன் கையெழுத்தில் வந்தால் அந்த மாதம் நீ உண்மையாகவே போய்க் கேட்டிருக்கிறாய் என்று நான் நம்பிக்கொள்வேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

செப்டம்பர் 15

அக்காவுக்கு,

அத்தானின் பழைய ஆபீசில் இரண்டு தடவை கேட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டேன். பாப்பாவின் தோழி வீட்டுக்கும் போனேன், அந்தப் பிள்ளைக்கும் எழுதவில்லையாம்.

இந்த மாதம் தெரியாது.

சின்னு